மூன்று பெண்களின் மரணம் காட்டிய வழி: வேலூர் டாக்டர் ஐடா ஸ்கடர்

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் பெயரைக் கேள்விப்படாத தமிழர்கள் குறைவு. தமிழகத்தில் சொந்தபந்தம் உள்ள நம்மவர்கள் பலரும் அதை வேலூர் ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். அந்த மருத்துவமனையை உருவாக்கியவர் ஓர் அமெரிக்கப் பெண்மணி. இந்தியாவில் வாழவே விருப்பமில்லாமல் இருந்தவர் அவர் என்பது பலருக்குத் தெரியாது.

ஐடா ஸ்கடர் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர் 1819-இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு, முதலில் யாழ்ப்பாணத்திலும் பிறகு சென்னையிலும் மருத்துவ ஊழியம் செய்தவர். தந்தையும் ஆற்காடு மிஷனில் மருத்துவர்தான்.

1876-இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தின்போது ஐடா சிறுமி. பசியால் துவண்டு கிடந்த குழந்தைகளின் வாயில் ரொட்டித் துண்டுகளை ஊட்டியவர் அவர். அந்தக் காட்சிகள் அவர் மனத்தை விட்டு அகலவில்லை. வறுமையும் வெயிலும் நிறைந்த அந்த நாடு வேண்டாம், அமெரிக்காவிலேயே படித்து, மணமுடித்து, வசதியாக வாழ வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசையாக இருந்தது.

தாயார் நோய்வாய்ப்பட்டதால் 1890-இல் ஐடா திண்டிவனம் வந்தார். தாயாருக்குத் துணையாகச் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவதே அவரது திட்டம்.

ஓர் இரவு, பிராமணர் ஒருவர் பதறியபடி வந்து கதவைத் தட்டினார். அவருடைய இளம் மனைவி பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தார். தமக்கு மருத்துவம் தெரியாது, தந்தைதான் டாக்டர் என்றார் ஐடா. அந்நிய ஆண் தம் மனைவியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். சற்று நேரத்தில் ஓர் இஸ்லாமியர் வந்தார். பிறகு இன்னொரு இந்து வந்தார். மூவருக்கும் வந்த துன்பம் ஒன்றுதான். மூவரும் கொடுத்த பதிலும் ஒன்றுதான்.

ஐடா அன்றிரவு தூங்கவில்லை. விடிந்ததும் சாவுப் பறையின் ஓசை கேட்டது. விசாரித்து வரச் சொன்னார். மூன்று பெண்களுமே இறந்து போயிருந்தார்கள்.

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் பிரார்த்தனை செய்தார். பெற்றோர் சொல்லியும், பள்ளியில் போதித்தும் அவருக்குள் வராத அழைப்பு, கண்ணெதிரே நடந்த இந்தத் துயரத்தால் வந்தது. வெளியே வந்தவர், டாக்டருக்குப் படித்து இந்தியப் பெண்களுக்காகத் திரும்பி வருவேன் என்று பெற்றோரிடம் தெரிவித்தார்.

நியூயார்க் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-இல் பட்டம் பெற்றார். நியூயார்க் வங்கியாளர் ஒருவர், மறைந்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் நன்கொடை கொடுத்தார். அதோடு 1900-இல் இந்தியா திரும்பினார். சில மாதங்களில் தந்தை காலமானார். வழிகாட்ட ஆளில்லை. இளம் பெண்ணிடம் வைத்தியம் பார்க்க மக்களும் தயங்கினார்கள். வேலூர் பங்களாவின் சிறு அறை ஒன்றில் மருந்தகம் நடத்தினார். சமையற்காரரின் மனைவி சலோமிதான் அவருக்கு உதவியாளர். நம்பிக்கை மெல்ல வளர்ந்தது, கூட்டமும் பெருகியது. 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை திறக்கப்பட்டது.

நோயாளி வரும்வரை காத்திராமல், அவரே கிராமங்களைத் தேடிப் போனார். குடியாத்தம் செல்லும் வழியில் மர நிழலில் நிறுத்தி வைத்தியம் பார்த்தார். 1909-இல் தாதியர் பயிற்சியும் தொடங்கியது.

தாம் ஒருவர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் போதாது, இந்தியப் பெண்களே டாக்டர்களாக வேண்டும் என்பது அவர் எண்ணம். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். பெண்கள் தேறுவார்களா என்று அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். ஆனால் முதலாண்டுத் தேர்வில் வேலூர் மாணவிகள் அனைவரும் தேறினர். 1922-இல் 14 பெண்கள் படிப்பை முடித்து வெளியேறினார்கள்.

பின்னர் வந்தது பெரிய சோதனை. மருத்துவப் பள்ளிகள் பட்டக் கல்லூரிகளாக உயர வேண்டும் என்று அரசாங்கம் விதித்தது. எழுபது வயதிலும் ஐடா அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார். 1942-இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. பெண்களுக்கென்றே தொடங்கிய கல்லூரியில் ஆண்களைச் சேர்ப்பதை அமெரிக்க ஆதரவாளர்கள் சிலர் எதிர்த்தனர். கல்லூரி நிலைக்க வேண்டும் என்பதற்காக ஐடா அதை ஏற்றார். 1947 முதல் ஆண்களும் சேர்ந்தனர்.

ஓய்வுக்குப் பிறகு கொடைக்கானலில் வாழ்ந்த டாக்டர் ஐடா, 1960 மே மாதம் தமது 89-ஆம் வயதில் காலமானார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

அன்றிரவு கதவைத் தட்டிய மூவரும் மூன்று வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவருடைய சமயத்தைச் சேர்ந்தவர் ஒருவர்கூட இல்லை. அவர்களின் வேதனையில்தான் ஐடா தம் இறைவனின் குரலைக் கேட்டார். நம் வீட்டுக் கதவையும் யாராவது ஒருநாள் தட்டக்கூடும். எந்தச் சமயத்தவராயினும், அப்போது நாம் என்ன செய்கிறோம் என்பதே நம் பக்திக்குச் சாட்சி.