எல்லீசன் என்னும் அதிகாரி

திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் உரை கண்டவர், சென்னையில் கிணறுகள் வெட்டிக் கல்லில் தமிழ்ச் செய்யுள் பொறிக்கச் செய்தவர், தம் பெயரையே எல்லீசன் என்று தமிழாக்கிக்கொண்டவர் என்றெல்லாம் பிரான்சிஸ் வைட் எல்லிசைப் பற்றி நம் இலக்கிய மேடைகளில் கேட்டிருக்கிறோம். இவை உண்மையே. ஆயினும், அவர் தமிழ் கற்பதற்காக இந்நாட்டிற்கு வந்தவர் அல்லர். தமிழறிஞர் என்ற முறையில் ஒரு காசும் ஊதியமாகப் பெற்றவரும் அல்லர். அவர் கும்பினியின் வருவாய்த்துறை அதிகாரி. மனுக்களைக் கேட்டு, கணக்குகளைச் சரிபார்த்து, மேலிடத்துக்கு அறிக்கை எழுதிக் கையொப்பமிடுவது அவர் தொழில். அந்தக் கட்டுக் காகிதங்களுக்குள்ளிருந்தே அவருடைய தமிழ்ப் புலமை கிளைத்தது. கவிஞர்களும் புலவர்களும் படிக்கும் இம்மலரில் ஓர் அலுவலகத்தின் கதைக்கு இடமுண்டா என்று அன்பர்கள் வினவலாம். அலுவலகத்தை நீக்கிவிட்டு எல்லிசைப் பற்றிப் பேசினால் மிஞ்சுவது பாதி மனிதரே என்பதுதான் என் விடை.

எல்லிஸ் 1796ஆம் ஆண்டில், இருபது வயது நிரம்பும் முன்னரே, ‘ரைட்டர்’ என்னும் தொடக்கநிலை எழுத்தராகச் சென்னைக்கு வந்தார். 1798 முதல் வருவாய் வாரியத்தின் செயலகத்தில் படிப்படியாக உயர்ந்து 1802இல் அதன் செயலாளரானார். 1806இல் மசூலிப்பட்டணத்தில் நீதிபதி. 1809இல் நிலச்சுங்க ஆட்சியர். 1810 முதல் சென்னைப் பட்டணத்தின் கலெக்டர். வருவாய் வாரியத்தில் கழித்த ஆண்டுகளே அவரை உருவாக்கின என்று நான் கருதுகிறேன். மாவட்டங்களிலிருந்து வந்து குவிந்த காகிதங்கள் எல்லாம் அங்கே வாசிக்கப்பட்டன. ஒரு கிராமத்தின் நிலம் யாருடையது, ஏரியின் மதகைப் பழுதுபார்க்க வேண்டியவர் யார், கோயிலுக்கு விடப்பட்ட மானியம் செல்லுமா, செல்லாதா – இத்தகைய கேள்விகளுக்கு விடை தமிழிலோ தெலுங்கிலோதான் இருந்தது. ஓலையிலும் செப்பேட்டிலும் ஊர்ப் பெரியவரின் நினைவிலும் இருந்தது. அதை வாசிக்கத் தெரிந்த அதிகாரியோ மிகச் சிலரே.

அக்காலத்து நிருவாகத்தின் பெருங்குறை இதுதான். பதினாறு, பதினேழு வயதில் கப்பலிலிருந்து இறங்கும் இளைஞர், சில ஆண்டுகளில் ஒரு வட்டாரத்தின் வரியையும் வழக்கையும் தம் கையில் ஏந்துவார். குடியானவன் சொல்வது அவருக்குப் புரியாது. இடையில் நின்ற துபாஷியோ குமாஸ்தாவோ சொன்னதே அவருக்கு வேதம். மொழிபெயர்ப்பவன் ஒரு சொல்லை மாற்றினால் ஒரு குடும்பத்தின் நிலம் கைமாறிவிடும். இந்நிலையை மாற்ற, இளம் அதிகாரிகளின் மொழிப்பயிற்சியை ஆராய்ந்து ஒழுங்குபடுத்தும் பணியில் எல்லிஸ் முன்னின்றார். அதன் பயனாக 1812இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தோன்றியது.

கல்லூரி என்றதும் நம் காலத்துக் கல்லூரியை எண்ணிவிடக் கூடாது. அது பெரும்பாலும் தேர்வு நடத்தும் அமைப்பு. இளம் அதிகாரிகள் நாட்டுமொழி ஆசிரியர்களிடம் பாடம் கேட்பார்கள். குறித்த காலத்தில் தேர்வுக் குழுவின் முன் நின்று, மனு ஒன்றை வாசித்துப் பொருள் சொல்ல வேண்டும். அம்மொழியில் உரையாட வேண்டும். தேறினால் மாதப்படி உயரும். தேறாவிட்டால் பதவி தள்ளிப்போகும். அதே கல்லூரியில் நம் நாட்டு மாணவர்களும் சட்டம் பயின்றனர். மொழியாசிரியர்களாகவும் பயிற்சி பெற்றனர். படியுயர்வுக்காகத் தமிழ் படித்தவர்களைப் பழிக்க எனக்கு மனமில்லை. தேர்வும் மதிப்பெண்ணும் இல்லையென்றால் எத்தனை பேர் நன்னூலைத் திறப்பார்கள் என்பதைத் தமிழ்த்துறையில் பாடம் சொல்லும் எவரும் அறிவர்!

இந்தத் தேர்வுமுறை ஒரு நடைமுறைக் கேள்வியை எழுப்பியது. தமிழ் கற்ற அதிகாரியைத் தெலுங்கு நாட்டுக்கு மாற்றினால் அவர் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டுமா? இம்மொழிகளுக்குள் உறவு உண்டென்றால் ஒன்றைக் கற்றவர் மற்றொன்றை எளிதில் பிடித்துக்கொள்ளலாம் அல்லவா? இந்நாட்டு மொழிகள் யாவும் வடமொழியிலிருந்து பிறந்தவை என்று ஐரோப்பிய அறிஞர்கள் பலர் நம்பியிருந்த காலம் அது. கல்லூரிக் குழுவின் செயலாளரான அலெக்சாண்டர் டங்கன் காம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணம் 1816இல் வெளிவந்தபோது, அதன் முன்னுரைக்கு எல்லிஸ் ஒரு குறிப்பு எழுதிச் சேர்த்தார். தெலுங்கு, தமிழ், கன்னட வேர்ச்சொற்களை வரிசையாக நிறுத்தி, இவை ஒருதாய்ப் பிள்ளைகள் என்றும், வடமொழிச் சொற்கள் இவற்றில் வந்து கலந்தவையே என்றும், மலையாளம், துளு, குடகு ஆகியனவும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை என்றும் அதில் நிறுவினார். வடக்கே இராஜமகால் மலைகளில் வழங்கும் மொழியையும் அவர் விட்டுவைக்கவில்லை. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது 1856இல். நாற்பது ஆண்டுகளுக்கு முன், வேறொருவர் நூலின் முகப்பில், அதிகாரிகளின் பாடப்புத்தகம் ஒன்றில், இந்தப் பெரிய உண்மை அடக்கமாக அச்சேறியிருந்தது. நம் மாணவர்க்குத் திராவிட மொழியியலைக் கால்டுவெல்லிலிருந்தே தொடங்கிச் சொல்லும் வழக்கம் இன்னும் முற்றிலும் மாறவில்லை. தாமஸ் டிரவுட்மன் 2006இல் இதைப் பற்றி ஒரு தனிநூலே எழுதிய பிறகும் இந்நிலைதான்.

அந்தக் குறிப்பு ஒருவர் தனித்திருந்து எழுதியது அன்று. அதிலுள்ள வேர்ச்சொல் பட்டியலுக்குக் கல்லூரியின் தலைமைப் பண்டிதர் பட்டாபிராம சாஸ்திரியின் உழைப்பு அடித்தளம். எல்லிசின் கச்சேரியில் சிரஸ்தேதாராயிருந்த சங்கரய்யா அவருக்கு வலக்கையாய் விளங்கினார். ஆனால் அலுவல் மரபு என்று ஒன்று உண்டு. பலர் கூடிச் செய்த வேலை மேலதிகாரியின் கையொப்பத்துடன்தான் வெளியே செல்லும். பண்டிதர்களின் பெயர்கள் மங்கியதற்கு எல்லிசின் தனிப்பட்ட குணத்தைக் காட்டிலும் இந்தக் கையொப்ப முறையே காரணம் என்று தோன்றுகிறது.

கல்லூரியால் தமிழ் உரைநடைக்கும் பதிப்புக்கும் விளைந்த நன்மை பெரிது. கல்லூரிக்கென அச்சகம் ஏற்பட்டது. வீரமாமுனிவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1813இல் அங்கே அச்சாயிற்று. அம்முனிவரின் நூல்களைத் தேடிக் கொணர முத்துசாமிப் பிள்ளையைத் தென்னாட்டுக்கு அனுப்பியவர் எல்லிஸ். அந்தப் பயணத்தின் பயனாக, முத்துசாமிப் பிள்ளை பின்னாளில் முனிவரின் வரலாற்றையும் எழுதினார். எல்லிஸ் மறைந்த பின்பும் அந்த ஓட்டம் நிற்கவில்லை. 1824இல் சதுரகராதி, 1826இல் தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திரம் எனத் தொடர்ந்தது. பிற்காலத் தமிழ் உரைநடையின் நாற்றங்கால் ஒன்று, வெள்ளைக்கார இளைஞர்களின் தேர்வுக்காக அமைந்த அந்தக் கல்லூரியில் இருந்தது.

இனிச் சொல்லப் போவது இலக்கிய மேடைகளில் பேசப்படாத பகுதி. அவர் உழைப்பில் பெரும்பங்கை வாங்கிக்கொண்டது மிராசு பற்றிய ஆய்வே. தொண்டை மண்டலத்துக் கிராமங்களில் காணியாட்சி என்று வழங்கிய உரிமை எத்தகையது என்று அரசு பதினேழு கேள்விகளை அனுப்பியது. நாம் நாள்தோறும் காணும் சுற்றறிக்கை போன்றதே. வேறொருவராயிருந்தால் பதினேழு வரியில் விடை எழுதியிருப்பார். எல்லிஸ் விற்பனைப் பத்திரங்களையும் செப்பேடுகளையும் கல்வெட்டுகளையும் திரட்டி, சங்கரய்யாவின் துணையோடு ஒரு நூலையே விடையாக எழுதினார். அது 1818இல் அச்சாகியது. கிராம நிலம் பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருந்ததையும், பங்குடையவர் விற்கவும் ஒற்றிவைக்கவும் உரிமை பெற்றிருந்ததையும், உள்குடி, புறக்குடி என்போரின் நிலைகளையும் அது விரித்துரைத்தது. நிலம் முழுதும் அரசுக்கே சொந்தம், குடிகள் வெறும் உழவரே என்ற வாதத்துக்கு அது பலத்த மறுப்பு. இரயத்துவாரி முறையை நிலைநாட்டி, 1820இல் சென்னை ஆளுநராக வந்த தாமஸ் மன்றோ இக்கருத்தை ஏற்கவில்லை என்பது வேறு செய்தி.

ஓர் அந்நிய அதிகாரி, ஆள்வோரின் வசதிக்கு எதிராக நாட்டு மக்களின் உரிமைக்கு ஆவணம் தேடிக் கொடுத்தார் என்று இதைப் பாராட்டலாம். நானும் பாராட்டுகிறேன். ஆனால் எந்த மக்களின் உரிமை? பத்திரமும் செப்பேடும் உடையவர் காணியாளர். சேற்றில் இறங்கி உழைத்த பறையர் முதலியோரிடம் பத்திரம் இல்லை. அவர்களே பிறர் பத்திரங்களில் நிலத்தோடு சேர்ந்த அடிமைகளாக இருந்தார்கள். இதை எல்லிஸ் மறைக்கவில்லை. அதே நூலில் எழுதியிருக்கிறார். எனினும், ஆவணத்தைச் சான்றாகக் கொள்ளும் முறை, ஆவணம் உடையவனுக்கே வாயைத் தருகிறது. அடிமைமுறைக்குச் சட்ட ஆதரவு 1843இல் நீங்கிய பிறகும், செங்கற்பட்டுப் பகுதியில் தரிசு நிலம் கேட்டு ஓர் ஏழைத் தொழிலாளி தர்க்காஸ்து மனுக் கொடுத்தால், அந்நிலத்தை முதலில் கேட்டு வாங்கும் உரிமை மிராசுதாருக்கே இருந்தது. அவர் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், சொல்வது அரிது. செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் பறையர் நிலை பற்றி எழுதிய அறிக்கையில் இத்தடையைக் கடுமையாகச் சாடினார். மறு ஆண்டு பிறந்த அரசாணையின் வழியே, இன்று பஞ்சமி நிலம் என்று நாம் அறியும் நிலங்கள் ஒதுக்கப்பட்டன. எல்லிசின் ஆய்வு அச்சேறிய நாளுக்கும் இந்த ஆணைக்கும் இடையே எழுபத்துநான்கு ஆண்டுகள். மூன்று தலைமுறை உழைப்பாளிகள் அதற்குள் மண்ணோடு மண்ணாயினர்.

இதனால் எல்லிசின் பெருமை குறைந்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. எனக்கு அவ்வச்சம் இல்லை. அவருக்குத் தமிழ் மறையின் சுவடி கிடைத்த வரலாற்றையே பாருங்கள். ஹாரிங்டன் துரையிடம் பட்லராயிருந்த கந்தப்பன் என்பவர் தம் வீட்டிலிருந்த குறள், நாலடிச் சுவடிகளை எல்லிசிடம் சேர்ப்பித்தார் என்று, அவருடைய பேரரான அயோத்திதாசப் பண்டிதர் எழுதியுள்ளார். காணிப் பத்திரம் இல்லாத குலத்தார் வீட்டில் குறட்சுவடி இருந்தது. மிராசு நூலையும் குறள் உரையையும் அருகருகே வைத்துப் படித்தால் இந்த முரண் நெஞ்சை உறுத்தாமல் இராது.

குறளின் அறத்துப்பாலில் ஒரு பகுதிக்கே அவர் மொழிபெயர்ப்பும் உரையும் எழுதினார். 1955இல் ரா.பி. சேதுப்பிள்ளை அதைப் பதிப்பிக்க, சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. உரையென்ற பெயரில் அது ஒரு களஞ்சியம். ஒரு குறளை விளக்கப் பத்து நூல்களைத் துணைக்கு அழைப்பார். வள்ளுவர் உருவம் பொறித்த பொற்காசு ஒன்றும் அவர் காலத்தது என்று ஐராவதம் மகாதேவன் ஆராய்ந்து கூறினார்.

1818இல் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது, பட்டணத்தின் கலெக்டர் இருபத்தேழு கிணறுகள் தோண்டச் செய்தார். இராயப்பேட்டைப் பெரியபாளையத்தம்மன் கோயில் கிணற்றருகே நிறுத்தப்பட்ட கல்லில், செய்யுள் வடிவில், நாட்டு அங்கங்களைக் கூறும் குறள் ஒன்றையும் சேர்த்து அச்செய்தி பொறிக்கப்பட்டது. பொதுப்பணி ஒன்றை மக்களுக்கு அறிவிக்கும் அரசு அறிவிப்பு, அவர்கள் மொழியில், அவர்கள் மதிக்கும் நூலைச் சான்றாகக் காட்டி நின்றது. இன்றைய அலுவலகத் தமிழைப் படித்துத் துன்புறும் நாம் அக்கல்லைப் பொறாமையோடுதான் பார்க்க வேண்டும். இப்போது அது மதுரைத் திருமலை நாயக்கர் மகால் அருங்காட்சியகத்தில் உள்ளது.

நாற்பது வயது நிரம்பும் வரை பெரிய நூல் எதையும் வெளியிடுவதில்லை என்று எல்லிஸ் உறுதி பூண்டிருந்தார் என்பர். முழுமையாக அறிந்த பின்னரே எழுத வேண்டும் என்ற எண்ணம். நாற்பதைக் கடந்து ஓரிரு ஆண்டுகளே சென்றிருந்தன. தெற்கே பயணம் போயிருந்தபோது, 1819 மார்ச் மாதம், இராமநாதபுரத்தில், மருந்தென்று எண்ணி நஞ்சை உட்கொண்டு இறந்தார்.

இறந்த அதிகாரியின் உடைமைகளுக்கும் ஒரு நடைமுறை உண்டு. விலை போகும் பொருள்கள் ஏலத்தில் விடப்பட்டன. இருபது ஆண்டுகளாகச் சேர்த்த குறிப்புகளுக்கு ஏலத்தில் என்ன விலை இருக்கும்? அரசுக் கோப்பாயிருந்தால் அலமாரிக்குப் போயிருக்கும். அவை அவருடைய சொந்தக் காகிதங்கள். மதுரை கலெக்டர் பெட்ரியின் வீட்டுச் சமையற்காரர் பல மாதங்கள் அவற்றைக் கொண்டு அடுப்பு மூட்டியதாகவும், கோழி வாட்டியதாகவும் வால்டர் எலியட் பிற்காலத்தில் கேட்டறிந்தார். பதினேழு கேள்விகளுக்கு எழுதிய விடை அரசின் அச்சில் ஏறியதால் பிழைத்தது. பாடப்புத்தகத்தின் முன்னுரைக் குறிப்பும் அவ்வாறே பிழைத்தது. எவரும் கேளாமல், தம் விருப்பத்தால் மட்டும் அவர் எழுதி வைத்தவை அடுப்பில் எரிந்தன. தப்பிய சில தாள்கள் எலியட்டிடமிருந்து ஜி.யு. போப்புக்குச் சென்று, அவர் வழியாக ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகத்தை அடைந்தன.

கோட்டைக் கல்லூரியைக் கும்பினி அரசு 1854இல் மூடி, அதனிடத்தில் தேர்வு வாரியம் ஒன்றை வைத்துக்கொண்டது. அக்கல்லூரி பின்னாளில் நடைபெற்ற இடத்தையொட்டி, நுங்கம்பாக்கத்துச் சாலை ஒன்று கல்லூரிச் சாலை எனப் பெயர் பெற்றது. அங்குள்ள கல்வித்துறை அலுவலகத்துக்கு ஆசிரியர்கள் இன்றும் மனுக்களோடு போய்வருகிறார்கள்.