மேலிடத்து உத்தரவை அளந்து பார்த்தவர்

மேலிடத்து உத்தரவு என்று சொல்லிவிட்டால் தன் பொறுப்பு தீர்ந்தது என்று நினைப்பது மனித இயல்பு. அந்த இயல்பு எவ்வளவு தூரம் போகும் என்பதை அளந்து காட்டியவர் அமெரிக்க மனோதத்துவ நிபுணர் ஸ்டான்லி மில்கிராம்.

1933-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி நியூயார்க் நகரில் அவர் பிறந்தார். தந்தை ஹங்கேரியிலிருந்தும் தாய் ருமேனியாவிலிருந்தும் வந்து குடியேறிய யூதர்கள். தந்தையின் தொழில் ரொட்டி சுடுவது. ஹிட்லர் ஆட்சியில் சுமார் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர். உயிர் தப்பிய உறவினர் சிலர், கையில் பச்சை குத்தப்பட்ட முகாம் எண்ணோடு மில்கிராமின் வீட்டில் சில காலம் தங்கியிருந்தனர். கொல்லச் சொன்னவர்கள் சிலர். சொன்னபடி செய்தவர்களோ பல்லாயிரம் பேர். அவர்கள் ஏன் மறுக்கவில்லை? பிற்காலத்தில் மில்கிராமின் ஆராய்ச்சியே இந்தக் கேள்வியாக அமைந்தது.

கூட்டத்தோடு கூட்டமாக

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சாலமன் ஆஷ் என்ற பேராசிரியருக்கு அவர் உதவியாளராக இருந்தார். கண்ணுக்கு நேராகத் தெரியும் கோட்டின் நீளத்தைக்கூட, சுற்றியிருப்பவர்கள் தவறாகச் சொன்னால் பலர் தாமும் தவறாகவே சொல்வார்கள் என்று காட்டியவர் ஆஷ். மில்கிராம் இதே போன்ற சோதனையை நார்வேயிலும் பிரான்சிலும் நடத்தி 1960-இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆனால் கோட்டின் நீளத்தால் யாருக்கும் தீங்கில்லை. பிறரைத் துன்புறுத்தச் சொன்னாலும் மனிதன் பணிவானா என்று பார்க்க விரும்பினார்.

முப்பது சுவிட்சுகள்

1961-இல் ஜெருசலேமில் அடால்ஃப் ஐக்மன் மீது வழக்கு நடந்தது. யூதர்களை ரயில் ரயிலாகக் கொலை முகாம்களுக்கு அனுப்ப ஏற்பாடு செய்த அதிகாரி அவன். உத்தரவை நிறைவேற்றியதே தன் வேலை என்று அவன் வாதாடினான். அதே ஆண்டு ஆகஸ்டில் யேல் பல்கலைக்கழகத்தில் மில்கிராமின் பரிசோதனை தொடங்கியது.

பத்திரிகை விளம்பரம் பார்த்து வந்தவர்களில் தபால் குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள், விற்பனையாளர்கள், கூலித் தொழிலாளர்கள் இருந்தனர். ஒரு மணி நேரத்துக்கு 4 டாலர், வண்டிச் செலவுக்கு 50 காசு. அடுத்த அறையில் இருப்பவர் பாடத்தில் தவறு செய்தால் மின்சார ஷாக் கொடுக்க வேண்டும். தவறுக்குத் தவறு ஒரு படி ஏற்ற வேண்டும். 15 வோல்ட்டில் தொடங்கி 450 வோல்ட் வரை 30 சுவிட்சுகள். உண்மையில் ஷாக் எதுவும் இல்லை; உள்ளே இருந்தவர் நடித்தார். வந்தவருக்கு இது தெரியாது.

300 வோல்ட்டில் உள்ளே இருப்பவர் சுவரை இடிப்பார். அதற்குமேல் பதிலே வராது. அப்போதும் சாம்பல் நிறக் கோட்டு அணிந்தவர், தொடர்ந்து செய்யுங்கள் என்பார். மிரட்டல் கிடையாது, கூலி பிடித்தமும் கிடையாது. ஆயிரத்தில் ஒருவரே கடைசி சுவிட்சுக்குப் போவார் என்று மனநல மருத்துவர்கள் கணித்தனர். போனவர்களோ 40 பேரில் 26 பேர்! அவர்கள் கொடியவர்கள் அல்ல. வியர்த்தார்கள், நடுங்கினார்கள், நிறுத்தலாமா என்று கேட்டார்கள். ஆனால் நிறுத்தவில்லை.

மறுத்தவர்களின் பலம்

மில்கிராம் நிலைமையை மாற்றி மாற்றிப் பார்த்தார். சுவிட்சை இன்னொருவர் போட, தாம் பக்கத்து வேலையை மட்டும் பார்த்தபோது 40 பேரில் 37 பேர் கடைசிவரை ஒத்துழைத்தனர். அதிகாரி வெளியே போய் டெலிபோனில் உத்தரவிட்டபோது பணிந்தவர்கள் ஐந்தில் ஒரு பங்குதான். சிலர் ஷாக்கை ஏற்றுவதாகச் சொல்லிவிட்டு மிகக் குறைந்த சுவிட்சையே அழுத்தினர். உடனிருந்த இருவர் எழுந்து, இதற்கு மேல் செய்ய மாட்டோம் என்று மறுத்தபோது கடைசிவரை போனவர்கள் 40-இல் 4 பேரே. துணைக்கு இருவர் இருந்தால் பயந்தவனுக்கும் முதுகெலும்பு நிமிர்கிறது.

1963-இல் முடிவுகள் வெளியானதும் கண்டனமும் எழுந்தது. அறியாத மக்களை ஏமாற்றி வதைத்தார் என்றனர். ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. கலந்துகொண்டவர்களில் பலர் ஷாக் உண்மைதானா என்று அப்போதே சந்தேகப்பட்டனர் என்பது பிற்காலத்தில் பழைய கோப்புகளை ஆராய்ந்தபோது வலியுறுத்தப்பட்டது. ஆயினும், 150 வோல்ட்டோடு நிறுத்தி 2009-இல் வெளியிடப்பட்ட மறு சோதனையிலும் ஏறக்குறைய அதே அளவு பணிவே தெரிந்தது.

ரயில் மேடையில்

1967-இல் மில்கிராம் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தினமும் ஒரே ரயிலுக்கு ஒரே மேடையில் நின்றும் பேசிக்கொள்ளாத பயணிகளை ஆராய்ந்தார். சுரங்க ரயிலில் காரணம் சொல்லாமல் இடம் கேட்கும்படி மாணவர்களை அனுப்பினார். கேட்டவர்களுக்குப் பாதிக்கு மேற்பட்டோர் எழுந்து இடம் கொடுத்தனர். தாமே கேட்கப் போனபோது அவருக்கு வாய் வரவில்லை, குமட்டிக்கொண்டு வந்தது. எழுதாத சட்டத்தை மீறுவதே இவ்வளவு கடினம் என்றால், எதிரில் நிற்கும் அதிகாரியை மீறுவது எவ்வளவு கடினம் என்பதை அனுபவத்தில் கண்டார்.

1974-இல் அவருடைய நூல் வெளிவந்தது. இருதய நோயால் பலமுறை துன்புற்ற அவர் 1984 டிசம்பர் 20-ந் தேதி 51 வயதில் காலமானார்.

கையெழுத்துப் போடுகிறவர், முத்திரை குத்துகிறவர், கோப்பை நகர்த்துகிறவர் என்று வேலை பலராகப் பிரியும்போது பாவமும் பிரிந்துபோவதாக மனிதன் எண்ணிக்கொள்கிறான். அந்த எண்ணம்தான் சுவிட்சை அழுத்தவைக்கிறது என்பதே மில்கிராம் விட்டுச் சென்ற எச்சரிக்கை. உத்தரவு மேலிருந்து வந்தாலும் அழுத்தும் விரல் நம்முடையதே.