விண்வழி வகுத்த வித்தகர்

கடலிற் செல்லும் பெருங்கப்பல் துறைமுகமில்லாக் கரையை அணுகுங்கால், ஆழமுள்ள இடத்தில் நங்கூரமிட்டு நின்றுவிடும். மாந்தரும் பண்டங்களும் தோணியேறிக் கரை சேர்வர். கப்பலின் பெருமையே அது கரையை அணுகாமைக்குக் காரணம் என்பதைச் சிறுவரும் அறிவர். ஆயினும், வானவெளிக் கப்பல்களைப் பற்றிக் கதை புனைவோர் பலர் இதனை மறந்துவிடுகின்றனர். நகரத்தினும் பெரிய கலங்கள் இறகு வீழ்வதுபோல் மெல்லெனத் தரையில் இறங்கி மீண்டும் எழுந்து செல்வதாக அவர்தம் நூல்களும் திரைப்படங்களும் காட்டுகின்றன. இஃது இயலுமோ என்னும் வினாவை ஆராய்தற்குரிய கணக்கை உலகிற்கு அளித்தவர், தாமும் ஒரு கதாசிரியராய் விளங்கியவரே. அவர் உருஷிய நாட்டுப் பள்ளியாசிரியர் கான்ஸ்தந்தீன் சியோல்கோவ்ஸ்கி. அப்பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றேன்.

சியோல்கோவ்ஸ்கி 1857-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 17-ஆம் நாள் இரியாசான் மாகாணத்து இஷெவ்ஸ்கோயே என்னும் சிற்றூரிற் பிறந்தார். பத்து வயதளவில் ஸ்கார்லெட் காய்ச்சல் கண்டு, செவிப்புலன் பெரிதும் கெட்டது. 1870-இல் அன்னையையும் இழந்தார். ஆசிரியர் கூறுவன காதில் விழாமையால் பள்ளிப் படிப்பு இடையில் நின்றது; அன்று முதல் நூல்களே அவருக்கு ஆசிரியராயின.

மகனது அறிவுக்கூர்மையை உணர்ந்த தந்தையார், 1873-இல் அவரை மாஸ்கோ நகரத்திற்கு அனுப்பினார். அங்கே மூன்றாண்டு, நாடோறும் நூல்நிலையத்தில் அமர்ந்து கணிதமும் இயற்கை நூலும் தாமே கற்றார். தந்தையார் அனுப்பிய சிறு தொகையில் பெரும்பகுதி நூல்களுக்கும் சோதனைப் பொருள்களுக்கும் செலவாயிற்று. உணவோ கரிய ரொட்டியும் நீருமே. பின்னர் 1879-இல் ஆசிரியர் தேர்வில் தேறி, 1880-இல் போரவ்ஸ்க் என்னும் ஊரில் கணித ஆசிரியரானார். 1892 முதல் கலூகா நகரில் வாழ்ந்தார். தகரத்தாற் செய்த பெரிய ஊதுகுழலொன்றைச் செவியில் வைத்துப் பிறர் பேச்சைக் கேட்பது அவர் வழக்கம்.

பகலில் பள்ளியில் உழைத்தவர், எஞ்சிய நேரமெல்லாம் விண்ணைப் பற்றிய எண்ணத்திலே மூழ்கினார். சந்திரனில் கண்விழிக்கும் ஓர் இளைஞன், தன் உடலின் நிறை ஆறிலொன்றாகக் குறைந்திருக்கக் கண்டு வியப்பதாக அவர் எழுதிய கதை 1893-இல் வெளிவந்தது. கற்பனையோடு அவர் அமைந்தாரல்லர். பீரங்கிக் குண்டினுள் மாந்தரை வைத்துச் சந்திரனை நோக்கிச் சுடுவதாக பிரெஞ்சு ஆசிரியர் ஜூல்ஸ் வெர்ன் 1865-இல் கதை எழுதியிருந்தார். அவ்வாறு சுட்டால் உள்ளிருப்போர் அக்கணமே நசுங்கி மடிவர். ஆதலின், வாயுவைப் பின்னோக்கி உமிழ்ந்து சிறிது சிறிதாக விரைவு பெறும் ராக்கெட்டே தக்க ஊர்தி எனச் சியோல்கோவ்ஸ்கி தெளிந்து, 1897-இல் அதன் இயக்கத்திற்குரிய கணக்கை வகுத்தார். 1902-இல் அவர் மகன் ஒருவன் தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். அத்துயரத்தின் நிழலிலே, 1903-இல், ராக்கெட் வாயிலாக விண்வெளியை ஆராய்தல் பற்றிய அவரது பெருங்கட்டுரை வெளிவந்தது.

அக்கணக்கின் கருத்தைச் சிறிது நோக்குவோம். ராக்கெட் உமிழும் வாயுவின் விரைவு எவ்வளவோ அவ்வளவு விரைவை அக்கலம் பெறவேண்டின், புறப்படும்போது அதன் நிறை, எரிபொருள் தீர்ந்தபின் எஞ்சும் நிறையைப்போல் 2.7 மடங்கு இருத்தல் வேண்டும். இருமடங்கு விரைவுக்கு 7.4 மடங்கும், மும்மடங்கு விரைவுக்கு 20 மடங்கும் வேண்டும். விரைவு கூட்டலாக ஏற, நிறையோ பெருக்கலாக ஏறுகின்றது. விரைவைக் குறைத்து இறங்குதற்கும் இக்கணக்கே பொருந்தும்.

இனி, 10 இலட்சம் டன் நிறையுள்ள கலமொன்று சந்திரனை அணுகிச் சுற்றிவருவதாகக் கொள்வோம். அது விநாடிக்கு 1.7 கிலோமீட்டர் விரைவை ஒழித்தாலன்றித் தரையில் இறங்கலாகாது. மீண்டும் எழுதற்கு அவ்வளவு விரைவைப் பெறவும் வேண்டும். வாயுவின் விரைவு விநாடிக்கு 4.5 கிலோமீட்டராயின், ஒருமுறை இறங்கி ஏறுதற்கே 11 இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட எரிபொருள் செலவாகும். கலத்தினும் அதன் உணவு மிகுதி! அதுவே பூமியின் தரைமீது நிலையாக மிதக்கவேண்டின், சந்திரனுக்கு மாந்தரைச் சுமந்து சென்ற சாட்டர்ன் ராக்கெட்டுகள் ஏறத்தாழ 300 ஒருங்கே முழங்குதல் வேண்டும்.

மற்றுமொரு தடையுண்டு. இத்தாலிய அறிஞர் கலிலியோ 1638-இல் காட்டியவாறு, ஒரு பொருளை எல்லாப் பக்கத்தும் பதின்மடங்காக்கினால், அதன் நிறை ஆயிரமடங்காகும். அதனைத் தாங்கும் தூண்களின் பரப்போ நூறு மடங்கே ஆகும். வெட்டவெளியில் உறுதியாய் நின்ற பெருங்கலம் தரையைத் தொட்டவுடன் தன் சுமையாலேயே நொறுங்கிவிடக்கூடும். வளிமண்டலத்தின் தடையைக் கொண்டு விரைவைத் தணிக்கலாமெனினும், காற்றை எதிர்க்கும் பரப்பும் நூறு மடங்கே பெருகுதலால், கலம் பெரிதாகுந்தோறும் அவ்வுதவியும் குறைகின்றது. ஆனால், எல்லா இடத்தும் இயலாதென்று கூறிவிடவும் கூடாது. செவ்வாயின் சிறு துணைக்கோளாகிய போபாஸிலிருந்து தப்பிச் செல்லுதற்கு விநாடிக்கு 11 மீட்டர் விரைவே போதும். அத்தகைய சிறு கோளின் அருகே பெருங்கலமும் மெல்ல ஒட்டி நிற்றல் கூடும். பெரிய உலகிற்குச் சிறு தோணி, சிறிய உலகிற்குப் பெரிய கலம் என்பதே முடிபு.

இவ்வுண்மையைச் சியோல்கோவ்ஸ்கி தம் கதையிலும் போற்றினார். 1920-இல் நூலாக வெளிவந்த அவரது பூமிக்கு அப்பால் என்னும் கதை 2017-ஆம் ஆண்டில் நிகழ்வது. இமயமலைச் சாரலில் வாழும் பன்னாட்டு அறிஞர் சிலர் பெருங்கலம் ஒன்றமைத்து விண்ணேறுகின்றனர்; அவருள் ஒருவர்க்குக் கலிலியோ என்றே பெயர். பெருங்கலத்தை அவர் சந்திரனில் இறக்கினாரல்லர். அதனை மேலே நிறுத்தி, இருவரை மட்டும் சிறுகலத்தில் இறங்கவிட்டார். இம்முறையின் சிக்கனத்தை, பின்வந்த கொந்திராத்யூக் என்பார் 1929-இல் வெளியிட்ட தம் நூலில் ஆராய்ந்து விளக்கினார்.

கதை மெய்யாயிற்று. 1969-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அப்பலோ 11 சந்திரனை அடைந்தபோது, தாய்க்கலம் மேலே சுற்றிநிற்க, இருவரே சுமார் 15 டன் நிறையுள்ள சிறுகலத்தில் இறங்கினர். ஏறத்தாழ 2,900 டன் நிறையோடு புறப்பட்ட ராக்கெட்டில், பூமிக்கு மீண்டது 5 டன் அளவினதாகிய ஒரு சிறு கூடே. 1998 முதல் விண்ணிலேயே பகுதி பகுதியாகப் பொருத்தப்பட்ட பன்னாட்டு நிலையமும், தரையில் இறங்குதற்கென அமைந்ததன்று.

கலூகாவில் 1908-இல் ஓக்கா ஆறு பெருகி அவர் இல்லத்துட் புகுந்தது. வறுமையும் ஏளனமும் நெடுநாள் உடனிருந்தன. புரட்சிக்குப் பின் 1921-இல் அரசாங்கம் உபகாரச் சம்பளம் அளித்தது. 1935-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள், ஒரு ராக்கெட்டேனும் விண்வெளியை எட்டக் காணாமலே அவர் மறைந்தார். 1959-இல் சந்திரனின் மறுபுறம் முதன்முறை படமெடுக்கப்பட்டபோது, அங்குத் தோன்றிய பெரும்பள்ளமொன்றிற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

செவி கேளாத அவ்வாசிரியரினும் மிகப் பெரிதாகக் கனவு கண்டார் அரியர். ஆயினும், தம் கனவு கணக்கிற்கு முரணாகியவிடத்து அவர் கணக்கை வளைத்தாரல்லர், கனவையே திருத்திக்கொண்டார். திருத்திய கனவே பின்னாளில் நனவாயிற்று. கதை எழுத விழையும் மாணவ அன்பர்களும், கணிதம் பயிலும் தோழர்களும், ஒருவரையொருவர் அயலாராக எண்ணாது பழகுவாராக. கற்பனையும் கணக்கும் ஒருவர் உள்ளத்தே கூடி வாழ்தல் இயலும் என்பதற்கு இப்பெரியார் வாழ்வே சான்றாகும்.