பொறியியல் படிக்காத கணக்குப்பிள்ளை... குழந்தைகள் கையில் 'மெக்கானோ' கொடுத்தவர்! யார் இந்த ஃபிராங்க் ஹார்ன்பி?

இன்னைக்குப் பல நாடுகளில் தொடக்கப் பள்ளி வகுப்பறைக்குள்ளேயே ரோபோ வந்துவிட்டது. பிள்ளைகளிடம் ஒரு பெட்டி கொடுக்கிறார்கள். உள்ளே துளையிட்ட பட்டைகள், சக்கரங்கள், பற்சக்கரங்கள், மோட்டார். மேசையின் இந்தப் பக்கம் இருக்கும் டப்பாவை அந்தப் பக்கம் கொண்டுபோய் வைக்கும் வண்டி செய்யணும். அதுதான் சவால். கவிழ்ந்தால் ஏன்னு பார்த்து, கழற்றி, மாற்றி மாட்டணும். இப்படித்தான் பொறியியல் வடிவமைப்பு சொல்லித்தரப்படுகிறது.

கேட்க புதுசா இருக்கும். ஆனால் இந்தப் பெட்டிக்கு 120 வயசுக்கும் மேல். அதை உருவாக்கியவர் பொறியாளரே இல்லை!

யார் இவர்?

ஃபிராங்க் ஹார்ன்பி 1863-ல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிறந்தார். 16 வயதில் பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு அப்பாவின் வியாபாரத்தில் காசாளர் ஆனார். அப்பா இறந்த பிறகு, இறைச்சி இறக்குமதி செய்யும் டேவிட் எலியட் என்பவரிடம் கணக்கு எழுதும் வேலை. முறையான பொறியியல் பயிற்சி எதுவும் கிடையாது.

வீட்டில் இரண்டு மகன்கள். அவர்கள் விளையாட, தகரத்தை வெட்டிப் பாலம், லாரி, கிரேன் என்று பொம்மை செய்து கொடுத்தார். அதில் ஒரு சிக்கல். கிரேனுக்கு வெட்டிய துண்டு பாலத்துக்கு ஆகாது. ஒவ்வொரு பொம்மைக்கும் முதலிலிருந்து வெட்டணும்.

என்ன கண்டுபிடித்தார்?

அவர் கண்டுபிடித்தது பொம்மை இல்லை, ஒரு அளவு. எல்லாப் பட்டையிலும் ஒரே அளவு துளை. ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் சரியாக அரை அங்குலம். நட்டு, போல்ட்டு போட்டு எதையும் எதோடும் இணைக்கலாம். அதே துளையில் அச்சுக் கம்பியைச் செருகினால் சக்கரமும் சுழலும். இன்னைக்கு கிரேனாக இருப்பது நாளைக்குப் பாலம் ஆகிவிடும்.

காப்புரிமைக்குப் பணம் இல்லை. முதலாளி எலியட்டிடம் 5 பவுண்டு கடன் வாங்கித்தான் விண்ணப்பித்தார். 1901-ல் காப்புரிமை கிடைத்தது. கடன் கொடுத்த முதலாளியே தொழில் பங்குதாரரும் ஆனார்.

உடனே விற்றதா?

அதுதான் இல்லை. 16 வகைப் பாகங்கள், 12 மாடல்களுக்கான கையேடு, விலை ஏழரை ஷில்லிங். கடைகளில் பெரிசா எடுபடவில்லை. அப்போது லிவர்பூல் பல்கலைக்கழகப் பொறியியல் துறைத் தலைவர் ஹீலி-ஷா கொடுத்த பாராட்டுதான் பெரிய பலம். 1903-ல் சுமார் 1,500 பெட்டிகள் விற்றும் லாபம் வரவில்லை. 1906-ல்தான் முதல் முறையாகச் சிறிய லாபம்.

1907-ல் பாகங்கள் செய்து கொடுத்தவர்களால் கேட்ட அளவு கொடுக்க முடியவில்லை. ஹார்ன்பி கணக்கு வேலையை விட்டுவிட்டுத் தானே தயாரிப்பில் இறங்கினார். பெயரும் 'மெக்கானோ' ஆனது. 1914-ல் லிவர்பூல் பின்ஸ் சாலையில் பெரிய தொழிற்சாலை. 1916-ல் மெக்கானோ இதழ். அதன் பிறகு சிறுவர் மன்றங்கள், மாடல் செய்யும் போட்டிகள். 1920-ல் ஹார்ன்பி ரயில்கள். 1931-ல் எவர்டன் தொகுதி எம்.பி. 1936-ல் 73 வயதில் காலமானார்.

இதில் குழந்தை கற்றது என்ன?

கிரேனின் கையை நீளமாக்கினால் அது முன்பக்கம் சாயும். பின்னால் எடை வைத்தால் நிற்கும். நான்கு பட்டைகளைச் சதுரமாக மாட்டினால் ஆடும். குறுக்கே ஒரு பட்டை போட்டு முக்கோணமாக்கினால் அசையாது. யாரும் பாடம் நடத்தவில்லை. தப்பு எங்கே என்று அந்த மாடலே காட்டிக்கொடுக்கும். திருத்தவும் பயமில்லை. ஒரு போல்ட்டைக் கழற்றினால் போதும், பொருள் வீணாகாது.

இதை வெறும் விளையாட்டுன்னு ஒதுக்க முடியாது. 1934-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஹார்ட்ரீயும் அவருடைய மாணவர் ஆர்தர் போர்ட்டரும் மெக்கானோ பாகங்களைக் கொண்டே வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் கணிப்பு இயந்திரம் ஒன்றைச் செய்தார்கள். செலவு சுமார் 20 பவுண்டுதான்!

விட்டுப்போனது யார்?

ஒரு பெரிய குறையும் உண்டு. மெக்கானோ பெட்டியிலும் விளம்பரத்திலும் இருந்தது பெரும்பாலும் பையன்கள்தான். இதழ் பேசியதும் அவர்களிடம்தான். பெண் பிள்ளைகளுக்கு இது இல்லை என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் பெட்டியைப் பார்த்தாலே அப்படித்தான் புரியும். விலையும் ஏழை வீட்டுக்கு எட்டாது.

இங்கேதான் வகுப்பறை ரோபோ சவால் ஹார்ன்பியைத் தாண்டிப் போகிறது. பெட்டி வீட்டில் இல்லாமல் பள்ளியில் இருந்தால், வாங்க வசதி உள்ள வீட்டுப் பையனுக்கு மட்டும் என்ற நிலை மாறுகிறது. ஆனால் மேசையைச் சுற்றி நாலு பேர் நிற்கும்போது ஸ்க்ரூடிரைவர் யார் கையில் இருக்கிறது, குறிப்பெழுதும் வேலை யாருக்குப் போகிறது என்பதை ஆசிரியர் கவனிக்கணும். இல்லாவிட்டால் பழைய கதைதான்.

பின்ஸ் சாலைத் தொழிற்சாலை 1979-ல் மூடப்பட்டது. ஆனால் இன்று பள்ளி ரோபோ போட்டிகளில் பயன்படும் 'வெக்ஸ்' உலோகப் பட்டையை எடுத்து அளந்து பாருங்கள். துளைக்குத் துளை அதே அரை அங்குலம்தான்.