துணிக்குப் பெயர் தந்த பத்தியா

மேற்கு ஆப்பிரிக்காவில் கானா என்று ஒரு நாடு. அங்கே "கெண்டே" என்ற கைத்தறித் துணி பிரபலம். விழா நாட்களில் ஆண்களும் பெண்களும் அதை உடுத்துவார்கள். அதன் ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு பெயர் உண்டு.

ஒரு மாதிரிக்கு ஒரு பெண்ணின் பெயரைச் சூட்டினார்கள். சில ஆண்டுகளில் அந்தப் பெயரை மாற்றியும் விட்டார்கள்!

அந்தப் பெண்தான் பத்தியா. கானாவின் முதல் ஜனாதிபதி நிக்ருமாவின் மனைவி.

தாய் தடுத்தார்

பத்தியா 1932-ம் ஆண்டு எகிப்து நாட்டில் பிறந்தார். கிறிஸ்தவக் குடும்பம். தந்தை இறந்துவிட்டதால் தாயே வளர்த்தார். பத்தியா படித்து ஆசிரியை ஆனார். பிறகு பாங்கியில் வேலை பார்த்தார்.

1957 மார்ச் 6-ந்தேதி கானா சுதந்திரம் பெற்றது. பிரதமர் நிக்ருமா, எகிப்தில் பெண் எடுக்க விரும்பினார். பத்தியா சம்மதித்தார். தாய் சம்மதிக்கவில்லை. ஏற்கனவே மகன் ஓர் ஆங்கிலப் பெண்ணை மணந்து வெளிநாடு போய்விட்டான். மகளும் போவதா என்று கலங்கினார்.

பத்தியா உறுதியாக இருந்தார். தாயின் ஆசி இல்லாமலே விமானம் ஏறினார். டிசம்பர் மாதம், கானாவின் தலைநகர் அக்ராவில் திருமணம் நடந்தது. அதுவரை மாப்பிள்ளையை அவர் நேரில் பார்த்ததே இல்லை! பத்தியாவுக்குத் தெரிந்தது அரபு, பிரெஞ்சு. நிக்ருமா பேசியதோ ஆங்கிலம்.

ஊர் மனம் மாறியது

நம் நாட்டில் பெண் இல்லையா என்று நிக்ருமாவின் கட்சிப் பெண்கள் வருந்தினார்கள். பத்தியா மனம் தளரவில்லை. ஆங்கிலம் கற்றார். கெண்டே உடுத்தினார். மூன்று குழந்தைகளுக்குத் தாயானார். 1960-ல் நிக்ருமா ஜனாதிபதி ஆனார். பத்தியா நாட்டின் முதல் பெண்மணி ஆனார்.

நிக்ருமாவுக்குப் பத்தியா பொருத்தமானவள் என்ற பொருளில் ஒரு கெண்டே மாதிரிக்கு நெசவாளர்கள் பெயர் வைத்தார்கள்.

துப்பாக்கிச் சத்தம்

1966 பிப்ரவரி 24-ந்தேதி ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. நிக்ருமா அப்போது வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தார். மாளிகையைச் சுற்றிக் குண்டுகள் பாய்ந்தன. பத்தியா எகிப்து ஜனாதிபதி நாசரிடம் உதவி கேட்டார். நாசர் விமானம் அனுப்பினார். மூன்று சிறு குழந்தைகளோடு பத்தியா கெய்ரோ போய்ச் சேர்ந்தார்.

நிக்ருமா கினியா நாட்டில் தங்கினார். அதன் பிறகு கணவனும் மனைவியும் சேர்ந்து வாழவில்லை. 1972-ல் நிக்ருமா இறந்தார்.

கெண்டே மாதிரிக்கும் புதுப் பெயர் வந்தது. ஒரே ஆள் நாட்டை ஆள முடியாது என்பது அதன் பொருள். நூலும் நிறமும் மாறவில்லை. பெயர்தான் மாறியது.

பக்கத்தில் இடம்

2007-ம் ஆண்டு மே மாதம் கெய்ரோவில் பத்தியா காலமானார். வயது 75. அவரது உடல் கானாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அக்ராவில் நிக்ருமாவின் நினைவிடத்தில், கணவரின் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

அன்னியப் பெண் என்று முகம் சுளித்த நாடு, கடைசியில் அவரைத் தன் மண்ணிலேயே வைத்துக்கொண்டது.