இல்லாத மெமரியை இருக்க வைத்த டாம் கில்பர்ன்

(மூன்றாம் ஆண்டு, கணிப்பொறிப் பிரிவு)



விர்ச்சுவல் மெமரி என்றால் நமக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் பேப்பரில் வரும் ஒரு கேள்வி, அவ்வளவுதான். பேஜ் டேபிள் படம் போட்டு நாலு பாயிண்ட் எழுதினால் மார்க் விழுந்துவிடும். ஆனால் அந்தப் படத்தின் கட்டங்களுக்குப் பின்னால் ஒரு மனிதர் பதினைந்து வருஷத்துக்கு மேல் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார். அவர்தான் டாம் கில்பர்ன்.

இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கம் டியூஸ்பரி என்று ஓர் ஊர். கம்பளி மில்கள் நிறைந்திருந்த ஊர். அங்கே 1921 ஆகஸ்ட் 11-ஆம் தேதி பிறந்தார். அப்பா ஒரு குமாஸ்தா. உள்ளூர்ப் பள்ளியில் படித்து முடித்து, 1940-இல் கேம்பிரிட்ஜில் கணிதம் சேர்ந்தார். யுத்த காலம் என்பதால் படிப்பை இரண்டே வருஷத்தில் முடித்து அனுப்பிவிட்டார்கள். விமானப்படையில் சேர ஆசைப்பட்டவரை, மால்வர்னில் இருந்த ரேடார் ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பினார்கள். அவர் எலக்ட்ரானிக்ஸ் கற்றது சில வாரப் பயிற்சி வகுப்பில்தான் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். மீதியெல்லாம் எஃப். சி. வில்லியம்ஸ் என்ற மேதையிடம் வேலை பார்த்தே கற்றுக்கொண்டது.

யுத்தம் முடிந்தது. 1946 டிசம்பரில் வில்லியம்ஸ் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார், கில்பர்னும் கூடவே போனார். அப்போது கம்ப்யூட்டர் கட்ட நினைத்த எல்லோரையும் ஒரே பிரச்சினைதான் மறித்து நின்றது. கணக்குப் போட வால்வுகள் உண்டு. ஆனால் புரோகிராமையும் எண்களையும் எங்கே வைப்பது? இவர்கள் பிடித்தது பழைய டி.வி.யில் இருக்குமே, அந்தப் பிக்சர் டியூப். திரையில் புள்ளி புள்ளியாக மின்னூட்டம் வைத்தால் அதுவே 0, 1. ஆனால் அது ஒரு நொடிகூட நிற்காது, கசிந்துவிடும். அதனால் அழிவதற்குள் படித்து, திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். இன்றைக்கு நம் கம்ப்யூட்டரில் இருக்கிற ரேமும் இதே வேலையைத்தான் செய்கிறது. 1947 முடிவதற்குள் ஒரே டியூபில் 2,048 பிட்டுகளை நிறுத்திக் காட்டினார் கில்பர்ன்.

அந்த டியூப் நிஜமாகவே வேலைக்கு ஆகுமா என்று சோதிக்க ஒரு சின்ன மெஷினைக் கட்டினார்கள். அதன் செல்லப் பெயர் பேபி. மெமரி மொத்தம் 32 சொற்கள், ஒரு சொல்லுக்கு 32 பிட். கூட்டலுக்குக்கூட தனி சர்க்யூட் கிடையாது, கழித்தல் மட்டும்தான். 1948 ஜூன் 21-ஆம் தேதி, கில்பர்ன் எழுதிய 17 கட்டளைகள் அதில் ஓடின. 262,144-க்குத் தன்னைத் தவிர்த்த பெரிய வகுஎண் எது என்பதுதான் கேள்வி. ஒவ்வோர் எண்ணாகக் கழித்துக் கழித்துப் பார்த்து, 52 நிமிஷம் கழித்து 131,072 என்று சரியான விடை வந்தது. இதை நாம் மனக்கணக்காகவே சொல்லிவிடலாம்தான். ஆனால் எலக்ட்ரானிக் மெமரியில் வைத்த புரோகிராம் உலகத்தில் முதன்முதலாக ஓடியது அன்றைக்குத்தான்.

பேபி வளர்ந்து மான்செஸ்டர் மார்க் 1 ஆனது. 1951-இல் ஃபெரான்டி கம்பெனி அதை விற்பனைக்கே செய்துகொடுத்தது. அப்போதும் வேகமான மெமரி கொஞ்சம்தான், மெதுவான காந்த டிரம்மில்தான் நிறைய இடம். எந்தப் பகுதியை எப்போது டிரம்மிலிருந்து கொண்டுவருவது, எதைத் திருப்பி அனுப்புவது என்பதைப் புரோகிராம் எழுதுபவரே யோசித்து எழுத வேண்டும். சொந்தக் கணக்கைவிட இந்தச் சுமைதான் அதிகம்.

எங்கப்பா மளிகைக் கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை பார்க்கிறார். கடை அலமாரியில் இருப்பது கொஞ்சம், மீதி எல்லாம் பின்னால் குடோனில். வாடிக்கைக்காரர் உளுந்து எங்கே இருக்கிறது என்று கேட்பதில்லை. உளுந்து கேட்கிறார், உளுந்து வருகிறது. அலமாரியில் இல்லை என்றால் அப்பா குடோனுக்கு ஓடுவார். வாடிக்கைக்காரர் கண்ணுக்கு எல்லாமே ஒரே கடை. கில்பர்ன் குழு செய்தது கிட்டத்தட்ட இதுதான்.

1956-இல் தொடங்கிய திட்டம், பிறகு ஃபெரான்டியும் சேர்ந்து, அட்லஸ் என்ற பெயரில் 1962 டிசம்பர் 7-ஆம் தேதி திறப்பு விழா கண்டது. கோர் மெமரி 16,384 சொற்கள். டிரம் 98,304 சொற்கள். இரண்டையும் 512 சொல் கொண்ட பேஜ்களாகப் பிரித்தார்கள். கோரில் 32 பேஜ் பிடிக்கும். எந்தப் பேஜ் எங்கே இருக்கிறது என்று சொல்ல 32 ரிஜிஸ்டர்கள். கேட்ட பேஜ் கோரில் இல்லை என்றால் புரோகிராம் நிற்கும், சூப்பர்வைசர் டிரம்மிலிருந்து கொண்டுவரும். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்: வரும் பேஜுக்காக ஓர் இடத்தை எப்போதும் காலியாகவே வைத்திருந்தார்கள். அப்புறம் எதை வெளியே தள்ளலாம் என்பதை, ஒவ்வொரு பேஜும் எவ்வளவு நேரம் சும்மா கிடக்கிறது என்று பார்த்து ஒரு புரோகிராம் தீர்மானிக்கும்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பெர்லினில் குன்ச் என்பவர் 1950-களின் நடுவிலேயே தன் ஆய்வேட்டில் இதற்கு நெருக்கமான யோசனையை எழுதியிருக்கிறார். ஆனாலும் மெஷினாகக் கட்டி ஓடவைத்துக் காட்டியது மான்செஸ்டர்தான்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. அலமாரி ரொம்பச் சின்னதாகப் போனால் கடைக்காரர் நாள் முழுக்க குடோனுக்கும் கடைக்கும் ஓடிக்கொண்டே இருப்பார், வியாபாரம் நடக்காது. கம்ப்யூட்டரில் இதற்கு த்ராஷிங் என்று பெயர். 16 எம்.பி. ரேம் உள்ள பழைய மெஷினில் விண்டோஸ் 98 போட்டு, நாலு புரோகிராமை ஒன்றாகத் திறந்துபாருங்க, ஹார்ட் டிஸ்க் கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். சி டிரைவ் நிறைந்திருந்தால் ஸ்வாப் ஃபைல் வளர இடமே கிடைக்காது, இன்னும் மோசம்.

இதற்கு நேர் எதிரான கூத்தும் ஒன்று உண்டு. பழைய ஒர்க்‌ஷாப் மெஷினை ஓட்டும் சாஃப்ட்வேருக்காக இன்றைக்கும் விண்டோஸ் 98 போட வேண்டிவரும். அதை 512 எம்.பி.க்கு மேல் ரேம் உள்ள கம்ப்யூட்டரில் போட்டால், மெமரி போதவில்லை என்று சொல்லி நின்றுவிடலாம்! ரேம் நிறைய இருப்பதுதான் காரணம். ரேமின் அளவைப் பார்த்து வீகேஷ் என்ற பகுதி தனக்கு ஏராளமான முகவரிகளைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மற்றவற்றுக்கு முகவரி மிஞ்சாது. சிஸ்டம்.ஐ.என்.ஐ. ஃபைலில் வீகேஷ் தலைப்பின் கீழே மேக்ஸ்ஃபைல்கேஷ் அளவைக் குறைத்து எழுதினால் ஓடும். முகவரி வேறு, மெமரி வேறு என்று அட்லஸ் குழு 1962-இல் பிரித்துக் காட்டியது புரிந்தால்தான் இந்த மெசேஜும் புரியும்.

கில்பர்ன் 1964-இல் மான்செஸ்டரில் கணிப்பொறி அறிவியல் துறையைத் தொடங்கினார். பிரிட்டனில் அதுதான் முதல் துறை. 1965-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். அதற்கப்புறம் எம்.யூ.5 என்ற இன்னொரு மெஷின். அவருடைய அட்லஸ் 1971 செப்டம்பர் 30-ஆம் தேதி நிறுத்தப்பட்டது. மான்செஸ்டர் யுனைடெட் ஃபுட்பால் அணி என்றால் அவருக்கு உயிர். 1981-இல் ஓய்வு பெற்றார். அதே வருஷம் மனைவி ஐரீன் காலமானார்.

1998 ஜூன் 21-ஆம் தேதி, சரியாக ஐம்பது வருஷம் கழித்து, பழைய முறையிலேயே கட்டிய பேபியின் மாதிரியை மான்செஸ்டரில் ஓடவிட்டார்கள். கில்பர்ன் அதை நேரில் பார்த்தார். 2001 ஜனவரி 17-ஆம் தேதி அதே ஊரில் இறந்தார். மான்செஸ்டரில் அவருடைய துறை இருக்கும் கட்டடத்துக்கு இப்போது கில்பர்ன் பில்டிங் என்று பெயர்.