யார் இந்த ஃபெரென்ட்ஸ் சிக்? ஒலிம்பிக் தங்கம் வென்று, குண்டுவீச்சில் பலியான டாக்டர்!

தென்காசி பக்கம் சீசன் வந்துட்டா பேச்செல்லாம் தண்ணியைப் பத்திதான். மெயின் அருவியில் எவ்வளவு விழுது, ஐந்தருவியில் குளிக்க விடுறாங்களா என்பதுதான் முதல் கேள்வி. அப்படித் தண்ணீரில் பேர் வாங்கி, பிறகு டாக்டரான ஒருவரின் கதை இது.

ஃபெரென்ட்ஸ் சிக், 1913 டிசம்பர் 12-ல் ஹங்கேரியின் கபோஷ்வார் நகரில் பிறந்தவர். 1934-ல் ஜெர்மனியின் மக்டபர்க்கில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம் வென்றார். ஆனாலும் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அவரை யாரும் பெருசா கண்டுக்கலை. காரணம் ஜப்பான். முந்தைய லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் நீச்சலின் 6 தங்கங்களில் 5 ஜப்பானுக்குத்தான் போயிருந்தன. பெர்லின் இறுதிப் போட்டியிலும் 3 ஜப்பானியர்கள் இருந்தார்கள். போதாததுக்கு, உலக சாதனையைக் கையில் வைத்திருந்த அமெரிக்கர் பீட்டர் ஃபிக் வேறு.

100 மீட்டர் என்பது எவ்வளவு தூரம்? தென்காசி கோயில் ராஜகோபுரம் சுமார் 180 அடி. அதைப் படுக்க வைத்தால், கிட்டத்தட்ட ரெண்டு கோபுர நீளம். சிக்குக்குக் கிடைத்தது ஓரத்தில் இருந்த 7-வது பாதை. நடுவில் நீந்திய ஜப்பானியர்களும் ஃபிக்கும் ஒருத்தரை ஒருத்தர் துரத்திக்கொண்டிருக்க, ஓரமாக வந்த சிக் 57.6 விநாடியில் சுவரைத் தொட்டுவிட்டார். அடுத்த மூன்று இடமும் ஜப்பானுக்கு. ரெண்டாவதாக வந்த யூசாவுக்கும் அவருக்கும் வித்தியாசம் வெறும் 0.3 விநாடி. ஃபிக் ஆறாவது இடம்! அதே ஒலிம்பிக்கில் 4x200 மீட்டர் தொடர் நீச்சலிலும் சிக் வெண்கலம் வென்றார்.

இன்னைக்கு மாதிரி தங்கம் வாங்கினா கோடிகளில் பரிசு, விளம்பரம் என்பதெல்லாம் அப்போது இல்லை. அமெச்சூர் விதி அவ்வளவு கறார். நீச்சலால் காசு பார்த்தால் போட்டியிலிருந்தே வெளியேற வேண்டியதுதான். இதே 100 மீட்டரில் 1924, 1928 என அடுத்தடுத்து தங்கம் வென்ற ஜானி வைஸ்முல்லர் போட்டி நீச்சலை விட்டுவிட்டு, சினிமாவில் டார்ஜான் ஆனார். சிக் போனது மருத்துவத்துக்கு. படிப்பை முடித்து டாக்டரானார்.

அதற்குள் இரண்டாம் உலகப் போர். ஜெர்மனியின் கூட்டாளியாக ஹங்கேரியும் களத்தில் இறங்கியது. 1945 மார்ச் மாதக் கடைசியில் சோவியத் படைகள் ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய ஷோப்ரான் நகரை நெருங்கிக்கொண்டிருந்தன. வானத்திலிருந்து குண்டுகள் விழுந்தன. மார்ச் 29 அன்று நடந்த குண்டுவீச்சில், காயம்பட்டவர்களுக்கு சிகிச்சை செய்துகொண்டிருந்த சிக் உயிரிழந்தார். வயது 31. அடுத்த சில நாட்களில் ஷோப்ரான் சோவியத் வசம் போனது. ஐரோப்பாவில் போர் முடிய அப்போது ஆறு வாரம்கூட பாக்கி இல்லை.

1983-ல் சர்வதேச நீச்சல் புகழ் மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. ஷோப்ரான் நகர நீச்சல் குளத்துக்கும் அவர் பெயர்தான்.